உடல் பருமன் சிகிச்சையின் தரத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் எத்தனை பேருக்கு பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் நல்ல எண்தான் வரும். அதையே சிகிச்சையின் தரமாக எடுத்துக்கொள்வதுதான் பரவலான தவறு. பிஎம்ஐ 34 என்று குறித்துவிட்டு, வந்த சளிக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினாலும் அந்தக் கணக்கில் அது வெற்றிதான். பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களுக்கான தர ஊக்கத்தொகைத் திட்டம்கூடப் பல ஆண்டுகள், பருமன் உள்ளவர்களின் பட்டியல் இருந்தாலே புள்ளி கொடுத்தது. பட்டியலில் இருப்பவருக்கு அப்புறம் என்ன நடந்தது? சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை எல்லாம் பார்த்தார்களா, எடையைக் கூட்டும் மருந்து எதையாவது அவர் சாப்பிடுகிறாரா, மறுபடி வரும் தேதி குறித்தார்களா? அளக்க வேண்டியவை இவைதான்.

சரி, பதிவான பிஎம்ஐயாவது சரியானதா? உயரத்தை அளக்காமல் கேட்டு எழுதுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. 77 கிலோ எடையுள்ள ஒருவர் தன் உயரம் 165 செ.மீ. என்று சொன்னால் பிஎம்ஐ 28.3. சுவரோரம் நிறுத்தி அளந்து 160 என்று தெரிந்தால் 30.1. பருமனுக்கான வரம்பு 30 என்றால், முதல் கணக்கில் அவர் பட்டியலுக்குள்ளேயே வரமாட்டார். வரம்பும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற அளவுகளிலேயே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

எடை குறைவதை மட்டுமே வெற்றியாக எண்ணுவது இன்னொரு தவறு. 5 சதவீதம் குறைந்தாலே பலன் தெரியும் என்பதால் அந்த இலக்கைப் பலர் வைக்கிறார்கள். இலக்கில் பிழையில்லை. ஆனால் புற்றுநோயாலோ கட்டுப்படாத சர்க்கரையாலோ இளைத்தவரும் இந்தக் கணக்கில் ‘தேறியவர்’ ஆகிவிடுவார்! ஆறு மாதத்தில் குறைந்த எடை ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பிவிடுவதும் சகஜம்; எடை குறைக்கும் மருந்தை நிறுத்தியவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். ஒருமுறை அளந்து கணக்கை முடிக்கக் கூடாது.

எனக்கு அதிகம் உறுத்துவது வகுக்கும் எண். 100 பேர் சேர்ந்தார்கள், ஒரு வருடம் கழித்து 40 பேர்தான் வந்தார்கள், அவர்களில் 16 பேருக்கு எடை குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். வந்தவர்களை மட்டும் எண்ணினால் 40 சதவீதம், சேர்ந்தவர்களை எண்ணினால் 16. அறிக்கையில் எது ஏறும் என்று சொல்லவே வேண்டாம். வராமல் போனவர்களைக் கழித்தால், நோயாளிகளை விரட்டுகிற கிளினிக்குக்குத்தான் நல்ல பெயர் கிடைக்கும். இரண்டு எண்களையும் அறிக்கையில் போட வேண்டும்.

கருவிகளைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் உண்டு. பருமனான கையில் ரத்த அழுத்தக் கருவியின் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். தேவையில்லாத மாத்திரையில்கூடப் போய் முடியலாம். பெரிய பட்டை, கைப்பிடி இல்லாத நாற்காலி, அதிக எடை தாங்கும் தராசு இருக்கின்றனவா என்று ஒரு நடை போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நோயாளியிடமும் கேளுங்கள்: எடையைப் பற்றிப் பேச முதலில் அவரிடம் அனுமதி கேட்டார்களா, மற்றவர்கள் காதில் விழும்படி எடையைச் சத்தமாகச் சொன்னார்களா, மூட்டு வலி என்று வந்தால் மூட்டைப் பரிசோதித்தார்களா, இல்லை ‘முதலில் எடையைக் குறைங்க’ என்று அனுப்பினார்களா? வராமல் போன 60 பேரிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.