குழந்தையின் தர்க்க அறிவை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு வயதுக் குழந்தையின் முன் ஆறு பொத்தான்களை ஒரு வரிசையாகவும், அவற்றுக்கு நேர்கீழே ஆறு பொத்தான்களை இன்னொரு வரிசையாகவும் அடுக்கி, இரண்டும் சமமா என்று கேட்டால், சமம் என்றே பெரும்பாலும் சொல்லும். அதன் கண்ணெதிரிலேயே கீழ்வரிசையைச் சற்று அகலப் பரப்பிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், நீளமான வரிசையில்தான் அதிகம் என்று சொல்லிவிடும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) புகழ்பெறச் செய்த சோதனைகளுள் இதுவும் ஒன்று. வீட்டில் இதைச் செய்து பார்த்துவிட்டு, குழந்தைக்கு எண்ணிக்கையே புரியவில்லை என்று முடிவுகட்டுவதுதான் பெற்றோர் செய்யும் பெருந்தவறு.

ஒரே கேள்வியைப் பெரியவர் இருமுறை கேட்டால், முன்பு சொன்ன விடை தவறு போலும் என்று குழந்தை எண்ணக்கூடும். அப்படி எண்ணுவதும் தர்க்கமே. 1974இல் உளவியலாளர்கள் மெக்கேரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் ஆகியோர், ஒரு கரடிப் பொம்மை குறும்பாக ஓடிவந்து வரிசையைக் கலைத்துவிட்டதுபோல் சோதனையை மாற்றி அமைத்தபோது, 4 முதல் 6 வயதுக் குழந்தைகளில் சரியாக விடை சொன்னவர்கள் வெகுவாகக் கூடினார்கள். ஆகவே விடையைச் சந்தேகிக்கும் முன் கேள்வியைச் சந்தேகிப்பது நல்லது. அதற்காகக் குழந்தைக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிடவும் முடியாது. நீளத்தை மட்டும் பார்த்து இடைவெளியைக் கவனிக்காமல் விடுவது அந்த வயதில் உண்மையாகவே உள்ள இயல்பு.

குழந்தையின் சிந்தனை வளர்ச்சிப் படிநிலைகளுக்குப் பியாஜே வகுத்த 2, 7, 11 என்ற வயது எல்லைகளைத் தேர்வு நாள்போலக் கருதுவதும் பிழை. களிமண் உருண்டையைத் தட்டையாக்கினாலும் மண்ணின் அளவு மாறாது என்று தெளிவாகச் சொல்லும் எட்டு வயதுக் குழந்தையே, அதன் எடை குறைந்துவிட்டதென்றும் சொல்லலாம், ஏனெனில் எடை பற்றிய தெளிவு பொதுவாக ஓரிரு ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது.

சரியான விடையை மனப்பாடம் செய்விப்பது இதைவிட வீண் வேலை. அகலமான குவளையிலிருந்து உயரமான குவளையில் ஊற்றிய நீர் அதே அளவுதான் என்று குழந்தை சொன்னால், எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "பழைய குவளையிலேயே திருப்பி ஊற்றினால் முன்பு இருந்த அளவுக்குத்தானே வரும்" என்பது உள்ளே விளைந்த விடை. "நீங்கள்தானே சொன்னீர்கள்" என்பது நம்முடைய எதிரொலி.

பன்னிரண்டு வயதானதும் தர்க்கம் முழுமையடைந்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் பொருந்தாது. எழுத்தும் எண்ணும் எழுதிய நான்கு அட்டைகளில் எவற்றைத் திருப்பிப் பார்த்தால் ஒரு விதி சரியா என்று அறியலாம் எனக் கேட்கும் புதிரை உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்டார்; அதில் பெரியவர்களே பெரும்பாலும் தவறுகிறார்கள். அதே புதிரை அன்றாடம் பழகிய ஒரு விதியாக மாற்றிக் கேட்டால் பலர் எளிதில் விடுவிக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை எழுத்தும் எண்ணுமாக வரும் கணக்கில் திணறினால், அதே கணக்கை அவன் அன்றாடம் ஆடும் விளையாட்டின் விதியாக்கிக் கேட்டுப் பார்க்கலாம்.