கெடு தள்ளிப்போகாமல் எழுதி முடிக்க

"மாதக் கடைசிக்குள் கதையை முடிப்பேன்" என்பது ஆசைதான், கெடு ஆகாது. கெடுவுக்குத் தேதியோடு அளவும் வேண்டும். 3,000 சொல் சிறுகதை, நாளுக்கு 300 சொல் என்றால் முதல் வரைவுக்கு 10 நாள். எழுத முடியாமல் போகும் நாட்களுக்கு 3, ஆறப்போட 2, திருத்த 4 என்று கூட்டினால் 19 நாள். பலர் அந்த முதல் பத்தை மட்டுமே கணக்கில் வைக்கிறார்கள். திருத்தமோ எப்போதும் நினைத்ததைவிட அதிக நேரம் தின்னும்.

தினசரி அளவு, களைத்துப்போன நாளிலும் எட்டக்கூடியதாக இருக்கட்டும். முதல் வாரம் உற்சாகத்தில் தினம் 1,000 சொல் எழுதுபவர்தான் இரண்டாம் வாரம் காணாமல் போவார். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் 600 எழுத முயலாதீர்கள். வழக்கமான 300 போதும். உபரி நாள் வைத்திருப்பது எதற்கு?

வரைவு முடியும்வரை முதல் பத்தியைத் திருத்த உட்காராதீர்கள். சந்தேகம் வந்த இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நகருங்கள். அன்றைக்கு நிறுத்தும்போது, அடுத்து என்ன வரும் என்று தெரிந்த இடத்திலேயே நிறுத்தி, அதை ஒரு வரியில் குறித்து வையுங்கள். மறுநாள் வெற்றுப் பக்கத்தை முறைத்துக்கொண்டு உட்காரும் நேரம் மிச்சம்.