பெங்களூரைச் சுற்றி ஏரி, மலைச் சாலைகளில் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் நல்ல சைக்கிள் ஒன்று கைக்கு வந்ததும் மனம் முதலில் ஓடுவது நந்தி மலைக்குத்தான். அதுவும் ஞாயிறு விடியற்காலை. கடல்மட்டத்திலிருந்து 1478 மீட்டர் உயரம். நகரமோ ஏறக்குறைய 920 மீட்டரில் இருக்கிறது. ஏறிப் பார்க்க வேண்டிய மலை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கூட்டம் இல்லாத சாலையைத் தேடிப் போகிறவருக்கு ஞாயிறு நந்தி பெரிய ஏமாற்றம். சூரிய உதயம் பார்க்க பாதி ஊர் பைக்கிலும் காரிலும் கிளம்புகிற நேரம் அது. அதே மலைக்கு ஒரு புதன்கிழமை போனால் வேறு ஊருக்கு வந்ததுபோல இருக்கும்.

இங்கே நடக்கிற பல தவறுகளுக்கு வேர் இதுதான். போகிற இடத்தின் பெயரை வைத்துப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்தச் சாலையில் அந்த நேரத்தில் வேறு யார் யார் வருவார்கள் என்று கேட்பதில்லை. ஒரே சாலை காலை ஆறு மணிக்குப் பால்வண்டிகளோடு இருக்கும். பத்து மணிக்கு ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகளிடம் போய்விடும். முருகன் கோயில் இருக்கிற காட்டி சுப்ரமணியா ஊருக்குப் போகும் சாலை சாதாரண நாளில் சொர்க்கம். செவ்வாய், ஞாயிறுகளில் பக்தர் கூட்டம். டிசம்பரை ஒட்டி நடக்கும் மாட்டுச் சந்தையின்போது அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பவே வேண்டாம்.

அடுத்தது, அமைதியான சாலையைப் போய்ச் சேர்வதற்கு ஹைவேயைப் பிடிப்பது. விமான நிலையச் சாலையில் முப்பது கிலோமீட்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, கடைசிப் பத்து கிலோமீட்டரில் நிம்மதி தேடுவதில் என்ன இருக்கிறது? மைசூரு பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெங்களூரு-மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டி, ஆட்டோ, டிராக்டரோடு சைக்கிளுக்கும் அனுமதி கிடையாது. சர்வீஸ் ரோட்டில் போகலாம், ஆனால் அதில் போகத்தான் வேண்டுமா? கெங்கேரி தாண்டியதும் ராமோஹள்ளி பக்கம் திரும்பினால் பெரிய ஆலமரம், அதைக் கடந்தால் மஞ்சனபெலே அணை, அப்புறம் சாவனதுர்கா பாறை, மாகடி என்று மேடும் பள்ளமுமாகப் பாதை போய்க்கொண்டே இருக்கும். வடக்கே என்றால் ஹெசரகட்டா. அர்க்காவதியின் குறுக்கே 1894-இல் நகரத்தின் குடிநீருக்காக உண்டாக்கிய ஏரி அது. அங்கிருந்து தொட்டபள்ளாபுரம் வரை கிராமச் சாலைகளிலேயே போகலாம். சில கிலோமீட்டர் கூடும். கூடட்டும்.

வரைபடச் செயலியை அப்படியே நம்புவதும் ஆபத்துதான். அதற்குக் குறுக்குவழி பிடிக்கும். அந்தக் குறுக்குவழி டிராக்டர் தடமாகவோ, யாருடைய தோட்டத்துக்குள்ளோ முடியும். சைக்கிள் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் பளிச்சென்று தெரிகிற கோடுகள் சைக்கிள்காரர்கள் அதிகம் போகும் சாலைகளைக் காட்டுமே தவிர, லாரி இல்லாத சாலைகளைக் காட்டாது. கிளம்புமுன் செயற்கைக்கோள் படத்தில் பாதையை ஒருமுறை முழுக்க ஓட்டிப் பாருங்கள். வெள்ளையாகக் குடைந்த குவாரி ஏதாவது பாதையின் ஓரம் தெரிந்தால் அந்தச் சாலையின் தார் எந்த நிலையில் இருக்கும் என்று ஊகித்துவிடலாம்.

தூரத்தை மட்டும் பார்த்து நாளைத் திட்டமிடுவதும் வழக்கமான தவறு. இந்த நிலத்தின் அமைப்பு அப்படி. பெரிய ஆறு எதுவும் ஓடாத மேட்டுநிலம் இது. அர்க்காவதி, பாலாறு, கிருஷ்ணகிரி அணைக்கு வரும் நம் தென்பெண்ணை எல்லாம் நந்தி மலையைச் சுற்றிய பகுதியில் பிறக்கிறவை. இங்கே அவை ஓடைகள்தான். அதனால் பழைய காலத்திலேயே பள்ளம் பள்ளமாகக் கரை கட்டி, ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழிகிற மாதிரி சங்கிலியாக அமைத்துவிட்டார்கள். சாலை ஏரிக்கரைக்கு இறங்கும், அடுத்த மேட்டுக்கு ஏறும், மறுபடி இறங்கும். எந்த ஏற்றமும் தனியாகப் பார்த்தால் பெரிதல்ல. ஆனால் எண்பது கிலோமீட்டரில் அவை சேர்ந்து காலை வாங்கிவிடும். சமதளத்தில் நூறு கிலோமீட்டர் போகிறவர் இங்கே முதல் முறை அறுபதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் 32 அல்லது 34 பல் இருந்தால் முழங்கால் உங்களைத் திட்டாது. இருபத்தைந்து பல் கியரை வைத்துக்கொண்டு நின்றபடி மிதித்து ஏறுவதில் வீரம் எதுவும் இல்லை.

காற்றைப் பற்றி இங்கே யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பெங்களூரு மேட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கிற காற்று சைக்கிள்காரரை நிறுத்தியே வைத்துவிடும். காலையில் புத்துணர்ச்சியோடு கிழக்கே கோலார் பக்கம் பறந்து போய்விட்டு, வெயிலேறியபின் களைத்த காலோடு அந்தக் காற்றுக்கு எதிராகத் திரும்புவது பெரிய வேதனை. அந்த மாதங்களில் முதலில் மேற்கே போங்கள்: மாகடி, ராமநகரா. திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும், அப்போது கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். மழைக்கும் இதுபோல ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வரும், காலை காய்ந்திருக்கும்.

சீக்கிரம் கிளம்புங்கள் என்பது பொதுவான அறிவுரை. வடக்கிலும் மேற்கிலும் அது சரி. தெற்கே அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எலெக்ட்ரானிக் சிட்டி, ஓசூர்ப் பக்கம் இருக்கிற நம்மவர்களுக்குப் பிடித்த பாதை ஆனேக்கல் வழியாகத் தளி. குட்டி இங்கிலாந்து என்று பெயர் வாங்கிய ஊர். குளிர், ஏரிகள், சின்னச் சின்ன மேடுகள். ஆனால் பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளிப் பகுதிக்கு யானைகள் வந்துபோகிற நிலம் இது. கேழ்வரகு முற்றுகிற அக்டோபர் முதல் ஜனவரி வரை கூட்டமாகவே வருகின்றன. சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். திருப்பத்தில் யானையும் நீங்களும் ஒருவருக்கொருவர் தெரியாமல் எதிர்ப்பட்டால் நகர இடம் இருக்காது. இந்தப் பக்கம் நன்றாக வெளுத்தபின் போங்கள். முதல் டீக்கடையில் "அண்ணா, யானை ஏதும் இறங்கியிருக்கா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். இங்கே தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றுமே ஓடும், பேச்சுக்குத் தடை இருக்காது.

கேழ்வரகு அறுவடைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அறுத்த கதிரையும் கொள்ளுச் செடியையும் விவசாயிகள் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறிப் போக மணி உதிரும். தூரத்திலிருந்து மெத்தை மாதிரி தெரியும். அதற்குள் வேகமாகப் புகுந்தால் சக்கரம் வழுக்கும், கதிரின் தாள் கியரில் சுற்றிக்கொண்டு கியர் மாற்றியையே வளைத்துவிடும். இறங்கித் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்துவிடுங்கள். அது அவர்கள் வருஷம் முழுக்க உழைத்த தானியம், மிதிக்காமல் போவதே மரியாதை.

ஏரிக்கரைகளில் பலர் விழுகிற இடம் தரைப்பாலம். ஏரி நிரம்பி வழியும்போது உபரி நீர் சாலையின் மேலேயே ஓடும். சில வாரங்களில் அங்கே பாசி படர்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டு விரல் ஆழத் தண்ணீர்தானே என்று சாய்ந்து திரும்பினால் அடுத்த நொடி இடுப்பு தரையில். நேராக, பிரேக் தொடாமல், மிதிக்காமல் கடக்க வேண்டும். நீரோட்டம் வேகமாக இருந்தால் கடக்கவே கூடாது.

ஏரித் தண்ணீரில் முகம் கழுவுவது, பாட்டிலில் பிடிப்பது, குளிப்பது எல்லாம் வேண்டாம். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018-இல் தொடங்கியது. சிக்கபள்ளாபுரம் பக்கத்து ஏரிகளுக்கும் அப்படியே வருகிறது. நிலத்தடி நீர் ஊற வேண்டும் என்பதற்காக விடும் நீர் அது, குடிப்பதற்கல்ல. கோடையிலும் ஏரி நிறைந்து தளும்புவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். குளிப்பதில் மூழ்கிப்போகிற ஆபத்தும் உண்டு, மஞ்சனபெலேயில் இறங்கிக் குளித்து உயிரைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

மலை என்றதும் எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் தயாராகிறார்கள். ஏற்றத்தில் களைப்புதான் வரும், விழுவது இறக்கத்தில். நந்தியின் கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வரும் கார் உங்கள் பக்கத்தில்தான் திரும்பும் என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் பிடிப்பது தவறு. நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். அழுத்திப் பிடித்தபடியே மலை முழுக்க இறங்கினால் சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக்கில் சூடேறி டியூப் வெடிக்கலாம். விட்டு விட்டுப் பிடியுங்கள். கைப்பிடியின் கீழ்வளைவில் கை இருந்தால் பிடிப்பு உறுதியாக இருக்கும். இன்னொன்று, வாழைப்பழத்தைப் பையில் வெளியே தெரிய வைக்காதீர்கள், குரங்குகள் ஓடுகிற சைக்கிளிலும் கை வைக்கும்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக: 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல், கல்மாதிரி காற்றடைக்காமல். சாலையோரமெல்லாம் சீமைக்கருவேல முள் என்பதால் இரண்டு டியூப், ஒட்டு, பம்ப் மூன்றும் கையில் வேண்டும். கிராமத்துப் பஞ்சர் கடைக்காரர் அன்பாக உதவுவார், ஆனால் ரோடு சைக்கிளின் மெல்லிய வால்வுக்கு அவரிடம் காற்று ஏறாது. அதற்கான சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள். சில இடங்களில் சிக்னல் இருக்காது, போனில் பணம் போகாது. சில்லறை நோட்டுகள் இருக்கட்டும். வேகத்தடைகளுக்கு வெள்ளைக்கோடு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஊர் எல்லையில் ஒன்று, பள்ளிக்கூடத்தின் முன் ஒன்று, கோயில் முன் ஒன்று என்று கணக்கு வைத்தால் பெரும்பாலும் தப்பாது.

கடைசியாக, திரும்புகிற நேரத்தைத் தீர்மானிக்காமல் கிளம்புவது. ஏரிக்கரையில் இளநீர் குடித்து, இன்னும் ஒரு ஊர் பார்த்துவிடலாம் என்று நேரம் நழுவும். போன பாதையிலேயே திரும்பினாலும் அது காலையில் பார்த்த பாதையாக இருக்காது. வெயிலும் டிப்பரும் நகரத்துப் போக்குவரத்தும் அதில் ஏறியிருக்கும். ஒன்பதரை மணிக்கு நகர எல்லைக்குள் இருக்க வேண்டுமானால் எந்த ஊரில் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று முந்தின இரவே எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.