லூப் போட்ட சாம்பிளில் செய்யக் கூடாதவை

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். கட்டற்ற மென்பொருள்களை வைத்தே ஆர்மோனியத்தைச் சாம்பிள் எடுத்துக்கொண்டிருப்பவர்; அதாவது ஒவ்வொரு கட்டையின் ஒலியையும் பதிவுசெய்து கணினியில் வாசிக்கும்படி செய்பவர். "அண்ணா, எந்தக் கட்டையை அழுத்தினாலும் நாலு செகண்டுல நின்னுபோகுது. நேத்து வரைக்கும் நல்லா இழுத்துச்சு." கேட்டதுமே புரிந்துவிட்டது, லூப் போய்விட்டது. மைக்கை எங்கே வைப்பது, இரைச்சலை எப்படிக் குறைப்பது என்பதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் லூப் பற்றி மட்டும் சொல்கிறேன். கட்டையை அழுத்தியிருக்கும் வரை ஒலி நிற்காமலிருக்க, பதிவின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான் லூப்.

லூப் போட்ட பிறகு எடிட்டரில் திறப்பது

வேவ் கோப்பில் ஒலி ஒரு பகுதி. லூப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு 'எஸ்எம்பிஎல்' என்ற இன்னொரு பகுதி. லூப் ஒன்றுதான் என்றால் அது வெறும் 60 பைட். பல ஒலி எடிட்டர்கள் ஒலியை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு, சேமிக்கும்போது கோப்பைப் புதிதாக எழுதுகின்றன. அந்த 60 பைட் அதில் இருக்காது. எந்த எச்சரிக்கையும் வராது. கோப்பைப் போட்டுக் கேட்டால் அதே ஒலி, அளவும் பார்வைக்கு அதேதான்.

என் ஆர்மோனியத்தில் 42 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு ரீடு (காற்றில் அதிரும் உலோக நாக்கு) சேர்ந்து ஒலிப்பதால் ஒலி மெல்ல அலையும். லூப்பின் நீளம் அந்த அலைவின் முழு மடங்காக இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் கேட்கும். ஒரு கட்டைக்கு அரை மணி நேரம், இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து போட்டேன். அப்புறம், சத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றி, அதே பெயரில் சேமித்தேன். 42 லூப்பும் போனது. இன்றும் ஆறவில்லை. தனக்குப் புரியாத பகுதியை ஒரு மென்பொருள் அப்படியே திருப்பி எழுதலாம். முடியாவிட்டால் 'இதை விடப்போகிறேன், சரியா?' என்று ஒரு வரி கேட்கலாம்.

அதனால் வெட்டுவது, சத்தம் ஏற்றுவது எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். லூப் கடைசி வேலை. முடிந்ததும் ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். சந்தேகம் வந்தால் லிப்சவுண்ட்ஃபைல் (libsndfile) என்ற கட்டற்ற மென்பொருளோடு வரும் சவுண்ட்ஃபைல்-இன்ஃபோவை (sndfile-info) ஓட்டிப் பாருங்கள். லூப் இருந்தால் தொடக்கமும் முடிவும் எண்ணாகத் தெரியும். எந்தக் கட்டைக்கு எந்த ஒலிக்கோப்பு என்று குறித்துவைக்கும் எஸ்எஃப்இசட் வடிவத்தைப் பயன்படுத்துபவர்கள் அந்த எண்களை எஸ்எஃப்இசட் கோப்பிலேயே எழுதிவைக்கலாம். அது வெறும் டெக்ஸ்ட். வேவ் கோப்புக்கு என்ன ஆனாலும் எண்கள் பிழைக்கும்.

தம்பியின் பென்டிரைவில் பழைய பிரதி இருந்ததால் 31 கட்டைகள் திரும்பக் கிடைத்தன. மீதியை ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போடப்போகிறோம்.

சாம்பிள் ரேட்டை மாற்றிவிட்டு எண்களை அப்படியே விடுவது

இங்கே சாம்பிள் என்பது ஒலியை அளந்த ஒரு புள்ளி; ரேட் என்பது ஒரு செகண்டுக்கு எத்தனை புள்ளி என்பது. 48,000 ரேட்டில் 96,000 ஆவது சாம்பிளில் தொடங்கும் லூப், 44,100க்கு மாற்றினால் 88,200இல் தொடங்க வேண்டும். முன்னால் இருக்கும் மௌனத்தை வெட்டினாலும் வெட்டிய அளவைத் தொடக்கம், முடிவு இரண்டு எண்ணிலும் கழிக்க வேண்டும்.

முடிவுப் புள்ளியை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குக் கையால் எழுதுவது

வேவில் முடிவு என்பது லூப்பின் கடைசிச் சாம்பிள். சாம்பிள்களைத் தொகுத்துவைக்கும் இன்னொரு வடிவமான சவுண்ட்ஃபாண்டில் அதற்கு அடுத்தது. நீண்ட லூப்பில் இந்த ஒன்று பெரிதாகத் தெரியாது. 100 சாம்பிள் லூப்பில் ஒன்று கூடினால் சுருதி சுமார் 17 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கிவிடும்.

எம்பி3யாகச் சேமிப்பது

வேண்டாம். தொடக்கத்தில் சேரும் மௌனமே லூப்பைத் தள்ளிவிடும்.