பழைய கார்ல ஃபியூஸ் போய்க்கிட்டே இருக்கா? ஒரு பல்பை வச்சு கண்டுபிடிச்ச கதை

நத்தம் ரோட்டுல ராத்திரி வந்துக்கிட்டிருக்கேன், பின்னாடி ஒரு லாரிக்காரர் ஹாரனை விடாம அடிச்சு ஊமச்சிகுளம் பக்கத்துல ஒதுங்க வச்சு, "தம்பி, பின்னாடி ஒரு லைட்டும் எரியல, இன்னும் கொஞ்சத்துல ஏத்தியிருப்பேன்"னு திட்டிட்டுப் போனாரு. நம்ம வண்டி 2004 மாருதி 800. பார்த்தா பார்க்கிங் லைட் ஃபியூஸ் அவுட். புதுசு போட்டேன், மறுநாள் ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல அதுவும் போச்சு. ஒரே வாரத்துல நாலு.

ஒரு கடையில காட்டினா, நீலக்கலர் 15 ஆம்ப்ஸ் இருந்த இடத்துல பச்சைக்கலர் 30-ஐ சொருகி "இனிமே போகாதுண்ணே"ன்னு அனுப்பிட்டாய்ங்க. உண்மைதான், ஃபியூஸ் போகல, ஆனா டேஷ்போர்டுக்குள்ள இருந்து பிளாஸ்டிக் தீயிற வாடை வந்துச்சு. ஃபியூஸ் இருக்கறது பல்பைக் காப்பாத்த இல்லைங்க, வயரைக் காப்பாத்த. பெரிய ஃபியூஸ் போட்டா அடுத்து எரியப்போறது வயர்தான். சிகரெட் அட்டை வெள்ளிப் பேப்பர் சுத்துறதும் இதே கேஸ்தான்.

ஃபியூஸ் செக் பண்றது

கழட்டவே வேண்டாம். ஃபியூஸ் தலையில ரெண்டு குட்டி மெட்டல் புள்ளி தெரியும், சுவிட்சைப் போட்டுட்டு டெஸ்ட் லேம்ப் (ஒரு பக்கம் கிளிப், ஒரு பக்கம் கூர்முனை உள்ள சின்ன பல்பு, கிளிப்பை பாடியில மாட்டணும்) முனையால ரெண்டையும் தொடுங்க. ரெண்டு பக்கமும் எரிஞ்சா நல்ல ஃபியூஸ், ஒரு பக்கம் மட்டும்னா அவுட். மல்டிமீட்டர் டவுன்ஹால் ரோட்டுலயே கிடைக்கும், இருந்தாலும் நான் முதல்ல எடுக்கறது டெஸ்ட் லேம்ப்தான். ஒத்தைக் கம்பி இழையில தொங்குற வயர்லயும் மீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாத்திரும், பல்பு ஏமாத்தாது.

ஷார்ட் எங்கன்னு தேடுறது (நான் முழி பிதுங்குன இடம்)

ஃபியூஸ் இருந்த இடத்துல ஒரு 21 வாட்ஸ் பிரேக் லைட் பல்பை மாட்டணும். ஹோல்டர்ல ரெண்டு வயர் இழுத்து, நுனியில தட்டை டெர்மினல் கிரிம்ப் பண்ணி (நசுக்கி இறுக்கி) ஃபியூஸ் ஓட்டையில சொருகிட்டா போதும். ஷார்ட் இருந்தா, அதாவது வயர் எங்கயாவது பாடியில பட்டா, இந்த பல்பு முழு வெளிச்சத்துல எரியும், கரண்ட் ரெண்டு ஆம்ப்ஸைத் தாண்டாது, அதனால ஃபியூஸும் வீணாகாது வயரும் தீயாது.

இதுலதான் ரெண்டு மணி நேரம் போச்சு எனக்கு. பார்க்கிங் பல்பு எல்லாம் அதது இடத்துல இருக்கும்போதே சுவிட்சைப் போட்டேன், ஃபியூஸ் இடத்துல மாட்டின டெஸ்ட் பல்பு பாதி வெளிச்சத்துல எரிஞ்சுச்சு, ஷார்ட்டுதான்னு நெனச்சு பாதி டேஷ்போர்டைக் கழட்டிட்டேன். அது ஷார்ட் இல்ல, அந்த பல்புகளுக்குப் போற சாதாரண கரண்ட்டு. அதனால முன்னாடி, பின்னாடி, நம்பர் பிளேட் பல்பு எல்லாத்தையும் முதல்ல கழட்டிருங்க. டேஷ்போர்டு மீட்டருக்குள்ள இருக்கற பல்பு மட்டும் மிஞ்சும், அதுக்கு லேசா சிவப்பாத்தான் கனலும்.

அப்புறம் வயரை ஒவ்வொரு இடமா ஆட்டிப் பாருங்க. பையனை பல்பைப் பார்க்கச் சொல்லிட்டு நான் டிக்கியைத் தூக்கினேன், "அப்பா, பளிச்சுன்னு எரியுது!" இறக்கினா மங்கல். கீல் பக்கத்துல இருந்த ரப்பர் குழாயை உருவிப் பார்த்தா நம்பர் பிளேட் வயர் தோல் வெடிச்சு, செம்பு பச்சை பூத்துப்போய் பாடியில உரசிக்கிட்டு கிடக்கு.

வெட்டிட்டு புது வயர் துண்டு வச்சேன், கதவு அசையுற இடம்ங்கறதால கொஞ்சம் தொய்வு விட்டு. இந்த இடத்துல சால்டரிங் வேண்டாம், விறைச்சுப்போய் அந்த ஓரத்துலயே மறுபடி ஒடியும். கிரிம்ப், மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினா சுருங்கி வயரைக் கவ்விக்கிற குழாய்). வெறும் டேப் நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு பசை உருகி வழுக்கிட்டுப் போயிரும்.

ஃபாக் லேம்ப் போடுறவங்களுக்கு

பார்க்கிங் வயரைச் சுரண்டி அதுல முறுக்கிவிடாதீங்க, என் வண்டியில ஏற்கனவே எவனோ ரிவர்ஸ் மியூசிக்குக்கு அப்படித்தான் பண்ணி வச்சிருந்தான். 55 வாட்ஸ் ரெண்டு லேம்ப்னா 110 வாட்ஸ், 12-ஆல வகுத்தா 9 ஆம்ப்ஸுக்கு மேல வருது. 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், 15 ஆம்ப்ஸ் ஃபியூஸ், ஒரு ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன் பண்ற சுவிட்ச்). ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துல, ஒரு அடிக்குள்ள இருக்கணும், லேம்ப் பக்கத்துல வச்சா நடுவுல உள்ள வயருக்குக் காவலே இல்ல. ரிலேயில நம்பர் போட்ட பின் இருக்கும்: 30 ஃபியூஸ் வழியா பேட்டரிக்கு, 87 லேம்புக்கு, 86 சுவிட்சுல இருந்து, 85 எர்த் (வண்டி பாடி). எர்த் வயரை பெயிண்ட் மேல முடுக்காதீங்க, சுரண்டிட்டு முடுக்கணும். இன்ஜின் பக்கத்துல இருந்து உள்ள இழுக்கற ஓட்டையில ரப்பர் குரோமெட் (வயர் ஓரத்துல அறுபடாம காக்குற வளையம்) கட்டாயம்.

அப்டேட்: ஷார்ட்டே இல்லாத வண்டியிலயும் டெஸ்ட் பல்பு பளிச்சுன்னு எரியுதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. அவர் மாட்டினது எல்இடி பல்பு. அது கொஞ்சூண்டு கரண்ட்டுக்கே எரிஞ்சிரும், ஃபிலமென்ட் பல்புதான் வேணும்.

அப்டேட் 2: ஏர்பேக் உள்ள வண்டியில மஞ்சக்கலர் கனெக்டர் பக்கம் இந்த விளையாட்டு வேண்டாம். பேட்டரி கழட்டும்போது 10-ம் நம்பர் ஸ்பானரால மைனஸை முதல்ல கழட்டுங்க, மாட்டும்போது அதைக் கடைசியா. இன்னொருத்தர் பிளஸ்ஸை முதல்ல கழட்டப் போய் ஸ்பானர் பாடியில பட்டு, பொறி பறந்து, மோதிரம் போட்ட விரல்ல கொப்புளமாம். மோதிரத்தையும் கழட்டி வச்சிருங்க.