‘மை’ என்று ஒரு டி-ஷர்ட்டில் அச்சிடுவோம்: ஸ்கிரீன் பிரிண்டிங் முதல் பாடம்

மார்கழி மாதம் கடைத்தெருவில் விற்கும் கோல அச்சைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்னத் தட்டு, அடியில் பூ வடிவத்தில் பொடிப்பொடியாக ஓட்டைகள். கோலமாவைப் போட்டுத் தரையில் வைத்து லேசாகத் தேய்த்தால் ஓட்டை உள்ள இடத்தில் மாவு இறங்கும், மற்ற இடத்தில் தட்டிலேயே நின்றுவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங்கும் இதேதான். தட்டுக்குப் பதில் வலைத்துணி, மாவுக்குப் பதில் இங்க், தரைக்குப் பதில் சட்டை. கல்யாண வீட்டில் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுக்கும் மஞ்சப்பையில் மணமக்கள் பெயர் இப்படித்தான் ஏறுகிறது.

இன்று ‘மை’ என்ற சொல்லை ஒரு வெள்ளை டி-ஷர்ட்டில் அச்சிடப் போகிறோம். இந்தச் சொல்லைக் காரணத்தோடுதான் எடுத்தேன். முதலில் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். தடித்த அட்டையில் ‘மை’ என்று பட்டையாக எழுதி, எழுத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுங்கள். மகரத்தின் வயிறும் ஐகாரக் கொம்பின் இரண்டு சுழிகளின் நடுப்பகுதியும் பொத்தென்று கீழே விழுந்துவிடும். அவற்றைப் பிடித்து வைக்க அட்டையில் எதுவுமே இல்லை. ஸ்கிரீன் பிரிண்டிங்கின் வரலாறே இந்த விழுந்த துண்டுகளை எப்படி நிறுத்துவது என்ற கேள்விதான்.

கொஞ்சம் வரலாறு

அச்சுக் கலையில் பெரிய குடும்பங்கள் நான்கு. மேடான பகுதியில் மை தடவி ஒற்றுவது முதல் வகை. 868-ஆம் ஆண்டு தேதியிட்ட, வைரச் சூத்திரம் என்ற சீனப் பௌத்த நூல் மரப்பலகையில் இப்படிச் செதுக்கி அச்சிட்டதுதான். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ உலோக எழுத்துகளால் ஆனது. முறை அதே மேட்டு அச்சு. செம்புத் தகட்டில் கீறிய பள்ளத்தில் மையை நிரப்பி எடுப்பது இரண்டாவது வகை. மூன்றாவது கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையை வைத்து, 1790களின் கடைசியில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. இம்மூன்றிலும் மை ஒரு பரப்பிலிருந்து இன்னொரு பரப்புக்கு ஒற்றி எடுக்கப்படுகிறது.

நான்காவது வகையில்தான் மை ஒன்றின் ஊடாகப் போகிறது. வயதில் இதுதான் மூத்தது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக் குகைகளில், பாறையில் கையை வைத்துச் சுற்றிலும் காவி நிறத்தை ஊதி எடுத்த கை வடிவங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றுக்குக் குறைந்தது 39,900 ஆண்டு வயது.

அந்த விழுந்த துண்டுக்கு அழகாக விடை கண்டவர்கள் ஜப்பானியர்கள். கிமோனோத் துணிக்குச் சாயமிட, சீமைப்பனிச்சை (பெர்சிமன்) பழச்சாறு ஏற்றிக் கெட்டியாக்கிய காகிதத்தில் நுணுக்கமாக வடிவங்களை வெட்டினார்கள். ‘கதகாமி’ என்று அதற்குப் பெயர். தனியே நிற்க முடியாத துண்டுகளைத் தாங்க, ஒரே மாதிரி வெட்டிய இரண்டு தாள்களுக்கு நடுவே மெல்லிய பட்டு நூல்களைக் குறுக்கே ஓட்டி ஒட்டினார்கள். நூல் மெலிதாக இருப்பதால் அதன் தடம் துணியில் விழுவதில்லை. இதை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்று நாம் பயன்படுத்தும் வலைத்துணியின் முழு யோசனையும் அந்தச் சில நூல்களில் இருக்கிறது.

சில நூலுக்குப் பதில் துணி முழுவதையும் நூலாகவே வைத்தால்? 1907-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத்துணியைத் திரையாக வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மில்லில் மாவு சலிக்க நெய்த ‘போல்டிங்’ பட்டுத்துணி இதற்கு வாகாக அமைந்தது. இப்போது பட்டு போய் பாலியஸ்டர் வந்துவிட்டது. ஆனாலும் நம் ஊர்க் கடைகளில் ‘போல்டிங் துணி’ என்றே கேட்டு வாங்கலாம். 1962-இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் நடிகை மர்லின் மன்றோவின் முகத்தை இந்த முறையில் திரும்பத் திரும்ப அச்சிட்ட பிறகு ஓவிய உலகமும் இதைத் திரும்பிப் பார்த்தது. திருப்பூரில் இது அன்றாடத் தொழில்.

வாங்க வேண்டியவை

A4 அளவு படத்துக்கு உள்ளளவு 35 × 45 செ.மீ. உள்ள மரச்சட்டம் போதும். படத்தைச் சுற்றி ஏழு செ.மீ. இடமாவது வேண்டும், சட்டத்தை ஒட்டி வலை விறைப்பாக நிற்பதால் அங்கே அச்சு சரியாக விழாது. முதல் முறை வலை இழுத்துக் கட்டிய சட்டத்தையே வாங்கிவிடுங்கள், நீங்களே இழுத்தால் தொய்வு வரும். விரலால் தட்டினால் பறை போல ஒலிக்க வேண்டும்.

வலை எண் முக்கியம். துணிக்கு 43T கேளுங்கள், அதாவது ஒரு செ.மீ.க்கு 43 இழை. எண் கூடக்கூட ஓட்டை சிறுக்கும், மெல்லிய கோடு தெளிவாக வரும், ஆனால் இங்க் குறைவாக இறங்கும். காகிதத்துக்கான நெருக்கமான வலையைக் கடைக்காரர் கொடுத்தால் வாங்காதீர்கள்.

அப்புறம் ஸ்குவீஜி, அதாவது மரப்பிடியில் ரப்பர் பட்டை வைத்த தேய்ப்பான். படத்தை விட இரண்டு மூன்று செ.மீ. அகலமாக இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சான இமல்ஷன், அதைப் பூசும் கோட்டர், நிறம் தரும் பிக்மென்ட், அதைத் துணியில் பிடிக்க வைக்கும் பைண்டர் (இவை இரண்டும் கலந்ததே நம் இங்க்), அகல டேப், கையுறை. டி-ஷர்ட் முழுப் பருத்தியாக, வெள்ளையாக இருக்கட்டும். கறுப்புத் துணிக்கு ஒளி ஊடுருவாத ‘ரப்பர்’ இங்க் வேண்டும், அது இரண்டாம் பாடம்.

இமல்ஷன் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய பட்டறைகளில் பைக்ரோமேட் உப்பைக் கரைத்துக் கலக்குவார்கள், விலை குறைவு. அது தோலையும் நுரையீரலையும் கெடுக்கும், புற்றுநோயும் வரவழைக்கும். வீட்டில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். பைக்ரோமேட்டுக்குப் பதில் டயசோ என்ற வேதிப்பொருள் கலக்கும் வகையோ, கலந்தே வரும் ரெடிமேட் வகையோ வாங்குங்கள். நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை.

1. பாசிட்டிவ் (எழுத்தின் கறுப்புப் படி)

‘மை’யைக் கொட்டை எழுத்தில் கணினியில் வடிவமைத்து, ஜெராக்ஸ் கடையில் ஓஎச்பி ஷீட் எனும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள். நேராகவே எடுங்கள், கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டாம். ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புக்குள் ஒளி கசியக் கூடாது. கசிந்தால் இரண்டு ஷீட்டை அச்சுப் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள்.

2. இமல்ஷன் பூசுதல்

வலையைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் தேய்த்துக் கழுவி நன்றாகக் காய வையுங்கள். கைப்பிசுக்கு இருந்தால் இமல்ஷன் பிடிக்காது. பிறகு ஜன்னலை மூடி, மங்கலான மஞ்சள் விளக்கில், சட்டத்தைச் சாய்த்துப் பிடித்துக் கோட்டரால் கீழிருந்து மேலாக ஒரே சீராக இழுங்கள். துணியைத் தொடும் பக்கம் ஒரு முறை, உள்பக்கம் ஒரு முறை. தடிமனாகப் பூசினால் நல்லது என்று தோன்றும், நல்லதில்லை.

துணிப்பக்கம் கீழே இருக்குமாறு கிடைமட்டமாக வைத்து, இருட்டறையில் ஃபேன் போட்டுக் காய வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி முழுக்க விடுவது நல்லது. தொட்டால் துளியும் ஒட்டக் கூடாது.

3. வெளிச்சம் காட்டுதல்

பாதிப் பேர் தோற்பது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்.

வெளிச்சம் பட்ட இமல்ஷன் இறுகி வலையை அடைக்கும். கறுப்பு எழுத்துக்கு அடியில் வெளிச்சம் படாத இமல்ஷன் தண்ணீரில் கரைந்து போகும். விழுந்துவிட்ட மகர வயிறு இப்போது வலை மேலேயே இறுகி நிற்கும்.

சட்டத்தைக் கவிழ்த்து, துணிப்பக்கம் மேலே வர வையுங்கள். ஷீட்டின் அச்சுப் படிந்த பக்கம் வலையைத் தொட வேண்டும். அப்போது உங்கள் கண்ணுக்கு ‘மை’ இடவலம் மாறித் தெரியும், அதுதான் சரி. மேலே கண்ணாடியை வைத்து அழுத்துங்கள், உள்பக்கத்தில் கறுப்புத் துணி திணித்த மெத்தை கொடுங்கள். அசைந்தால் ஓரம் மங்கும்.

வெயிலே போதும். எத்தனை நேரம் என்பது இமல்ஷனையும் வெயிலையும் பொறுத்தது. சில வகைக்குச் சில விநாடி, சில வகைக்குப் பல நிமிடம். டப்பாவில் உள்ள குறிப்பைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, ஒரு சின்னச் சட்டத்தில் அட்டையால் மறைத்து, படிப்படியாக அட்டையை நகர்த்தி ஐந்து வெவ்வேறு நேரம் காட்டிப் பாருங்கள். எது சுத்தமாகத் திறக்கிறதோ அதைச் சட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

4. கழுவித் திறத்தல்

இரு பக்கமும் தண்ணீரால் நனைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு துணிப்பக்கத்திலிருந்து மெல்லத் தெளியுங்கள். எழுத்து மட்டும் கரைந்து வலை தெரியத் தொடங்கும். முதன்முதலாக இதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியை அனுபவித்துக்கொள்ளுங்கள். எல்லாமே வழுக்கிக்கொண்டு போனால் வெளிச்சம் குறைவு. எழுத்து திறக்க மறுத்தால் வெளிச்சம் அதிகம், அல்லது கறுப்பு போதவில்லை.

காய்ந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஊசி ஓட்டைகளை டேப்பால் அடையுங்கள். சட்டத்தின் உள்விளிம்பு நான்கிலும் டேப் ஒட்டுங்கள்.

5. அச்சிடுதல்

100 கிராம் பைண்டருக்கு 3 முதல் 5 கிராம் பிக்மென்ட் கலக்குங்கள். நிறம் அடர்த்தியாக வேண்டும் என்று அள்ளிப் போட்டால் பிடிக்கப் பைண்டர் இருக்காது, சாயம் உரசினாலே போகும்.

டி-ஷர்ட்டுக்குள் ஒரு அட்டையைச் செருகிச் சுருக்கமில்லாமல் விரியுங்கள். அட்டை இல்லாவிட்டால் முதுகிலும் ‘மை’ வந்துவிடும். சட்டத்தின் மூலைகளுக்கு அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு அட்டைத் துண்டு வைத்தால் இழுத்த உடனே வலை துணியை விட்டு எழும்பும், விளிம்பு கூர்மையாக வரும்.

இங்க்கைப் படத்துக்கு மேலே வரிசையாக ஊற்றுங்கள். முதலில் சட்டத்தைச் சற்றுத் தூக்கி, அழுத்தாமல் ஒரு முறை இங்க்கைப் பரப்புங்கள். பிறகு சட்டத்தை இறக்கி, ஸ்குவீஜியைச் சாய்வாகப் பிடித்து, ஒரே அழுத்தத்தில், நடுவில் நிறுத்தாமல் உங்களை நோக்கி இழுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு இழுப்பு. சட்டத்தை ஒரு ஓரத்திலிருந்து கதவு திறப்பது போலத் தூக்குங்கள்.

முதல் அச்சைப் பழைய துணியில் போடுங்கள். இரண்டு அச்சுக்கு நடுவில் டீ குடிக்கப் போகாதீர்கள். ஐந்து நிமிடத்தில் இங்க் வலைக்குள் காய்ந்து எழுத்தை அடைத்துவிடும்.

6. சூடு

நான் முதலில் கல்லூரி நண்பர்களுக்கு இருபது டி-ஷர்ட் அச்சிட்டேன். வெயிலில் காய வைத்துக் கொடுத்தேன். முதல் சலவையிலேயே நிறம் போய், இருபது பேருக்கும் பணத்தைத் திருப்பினேன். காய்வது வேறு, பிடிப்பது வேறு. பைண்டர் இழையோடு இறுக ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூடு, மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும்.

நன்றாக உலர்ந்தபின், மேலே ஒரு வெள்ளைத் தாள் வைத்து, இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் அளவில், நீராவி இல்லாமல், நகர்த்திக்கொண்டே அந்த மூன்று முதல் ஐந்து நிமிடம் தேயுங்கள். பிறகு உட்புறத்தைத் திருப்பி அதே நேரம். முதல் சலவைக்கு இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.

7. வலையைக் கழுவுதல்

கடைசி டி-ஷர்ட்டை எடுத்த கையோடு, மீதி இங்க்கை வழித்து டப்பாவில் போட்டுவிட்டு, வலையை உடனே தண்ணீரில் கழுவுங்கள். இதே எழுத்து மறுபடி வேண்டுமானால் அப்படியே காய வைத்து எடுத்து வைக்கலாம். வேண்டாம் என்றால் கடையில் கிடைக்கும் ஸ்டிரிப்பரைத் தடவி, கையுறையோடு தேய்த்து, இமல்ஷன் முழுவதையும் எடுங்கள். அதன் பிறகும் வலையைத் தூக்கிப் பிடித்தால் ‘மை’யின் மங்கிய சாயல் தெரியும். அது நூலில் ஏறிய கறை மட்டும்தான். ஓட்டைகளில் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதன் மேலேயே அடுத்த சொல்லுக்கு இமல்ஷன் பூசலாம்.