காரில் ஏற்றும் முன் ஒரு பேன் சீப்பு

மலையேறி இறங்கியதும், நாய்க்குட்டியை வண்டியில் ஏற்றும் முன்பே ஒரு வெள்ளைத் துண்டின் மேல் நிறுத்தி, பேன் சீப்பால் ஒருமுறை சீவிவிடுங்கள். பங்குனி வெயிலில் காய்ந்த புல்லின் நுனியில் உண்ணிகள் காத்திருக்கும். உடம்பில் தொற்றியதும் அவை கடித்துவிடுவதில்லை. மெல்லிய தோல் தேடிச் சற்று நேரம் ஊர்கின்றன. அந்த நேரத்தில் சீவினால் எளிதாக வந்துவிடும். கடுகைவிடச் சிறிய குஞ்சுகூட வெள்ளைத் துணியில் பளிச்சென்று தெரியும். காது மடலின் உள்பக்கம், அக்குள், கால்விரல் இடுக்கு, இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள். விழுந்ததைக் கையால் நசுக்க வேண்டாம், சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

ஏற்கெனவே கடித்துப் பிடித்திருக்கும் உண்ணிக்குச் சீப்பு கூடாது. வாய்ப்பகுதி தோலுக்குள் தங்கிவிடும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெதுவாக இழுக்க வேண்டும். அடர்ந்த முடியுள்ள இனங்களுக்கும் சீப்பு போதாது, விரலால் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். மருத்துவர் தரும் உண்ணி மருந்தை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். குட்டியின் வயதும் எடையும் சொல்லியே அதை வாங்குங்கள்.